இரண்டு சீட் ஹெலிகாப்டர்

இந்த ஒரு விஷயத்திலாவது மனைவியிடம் தோற்பதில்லை என்று குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சபதம் போட்டார் மாஸ்டர். இடுப்பில் ஈரத் துண்டோடு போட்டதானாலும் சபதம் சபதம்தான்.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்களுடைய டிரைவிங் ஸ்கூல். மீதிப் பாதி பஸ்ஸில் போகிறவர்கள். இனிப் பிடிக்க ஆளில்லை என்றதும் மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். ஆகாயம் காலியாகக் கிடந்தது. ஹெலிகாப்டர் பள்ளி! கற்றுக்கொண்டவர்கள் விடுமுறையில் வாடகைக்கு எடுத்து ஜாலியாகப் பறக்கலாம். மனைவியும் தலையாட்டிவிட்டாள். எந்த ஹெலிகாப்டர் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

விற்பனைக்காரர்களின் மைதானத்தில் இரண்டு நின்றன. ஒன்று ஐந்து சீட். பளபளவென்று, உள்ளே சோபா மாதிரி இருக்கைகளோடு. மற்றது இரண்டு சீட். கண்ணாடிக் கூண்டுக்கு வால் முளைத்தது போல, ஊதினால் பறந்துவிடும் தும்பி.

"பெருசுதான் கெத்து" என்றார் மாஸ்டர்.

"கத்துக்க வர்றவங்களுக்குக் கெத்து எதுக்குங்க? சின்னது போதும். பெட்ரோலும் கம்மியாக் குடிக்கும்."

மாஸ்டர், ஓட்டிக் காட்ட வந்திருந்த விமானிப் பெண்ணைத் தனியே ஓரங்கட்டினார்.

"எங்க வீட்டம்மா ஸ்டூல்மேல ஏறவே பயப்படுவா. முதல்ல சின்னதுல கூட்டிட்டுப் போ. கதவைக் கழட்டிடு. நல்லா ஒரு ஆட்டு ஆட்டு. அலறிக்கிட்டு வந்து பெருசுல உட்கார்ந்துடுவா."

"சரிங்க சார்" என்றாள் அந்தப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

விசிறி சுழன்றது. புல் முழுக்கத் தரையோடு படிந்தது. மாஸ்டரின் சட்டை பலூனானது. அப்புறம் நடந்ததுதான் அதிசயம். ஓடவில்லை, எகிறவில்லை. பூமி போனால் போகிறதென்று பிடியை விட்ட மாதிரி, தும்பி நின்ற இடத்திலேயே ஆள் உயரத்துக்கு எழும்பி, காற்றில் அப்படியே நின்றது. அதற்குள் தன் மனைவி, மடியில் கைப்பையோடு! மாஸ்டரின் வாய் தானாகத் திறந்தது. மூடுவதற்குள் அவள் ஆகாயத்தில் ஒரு புள்ளி.

அவள் எதற்குமே சீக்கிரம் இறங்கி வருபவள் அல்ல. அன்று நிஜமாகவே வெகுநேரம் இறங்கி வரவில்லை. ஒருவழியாகத் தரை தொட்டபோது தலைமுடி நாலாபக்கமும் நின்றது. முகம் மட்டும் விளக்குப் போட்டது போலிருந்தது.

"என்னங்க, ஆட்டச் சொன்னதுதான் சொன்னீங்க, இன்னும் கொஞ்சம் நல்லா ஆட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. விமானிப் பெண் வானத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"உனக்கு... ஸ்டூல்னாலே பயமாச்சே?"

"நானே ஏறிட்டா, பரண்மேல இருக்கறதை நீங்க எடுத்துத் தருவீங்களாக்கும்?" என்றாள் அவள். "சரி வாங்க. உங்க ஆசைப்படியே பெருசுலயும் போயிடுவோம்."

மாஸ்டர் அதுவரை மாடிக்கு மேல் போனதில்லை. பெரிய ஹெலிகாப்டர் கிளம்பும்போதுதான் அது அவருக்கே ஞாபகம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறங்க! இதைப் பார்க்காம இருக்கறது பாவம்!"

ஒரு கண்ணைத் திறந்தார். மூச்சு நின்றது. காலமெல்லாம் ஹாரன் அடித்து, பிரேக் மிதித்து, தொண்டை வறளக் கத்திக் கற்றுக்கொடுத்த சாலைகள் அத்தனையும் கீழே சத்தமே இல்லாமல் நூல் நூலாகக் கிடந்தன. மேகத்தின் நிழல் ஒன்று யாரிடமும் வழி கேட்காமல் ஊரைக் கடந்து போனது. இத்தனை அழகான இடத்திலா நாம் தினமும் பார்க்கிங்குக்குச் சண்டை போடுகிறோம்? அவர் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஹெலிகாப்டர் ஒருபக்கம் சாய்ந்தது. மாஸ்டர் மனைவியின் கையைப் பிடித்தார், இறங்கியும் விடவில்லை.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றாள் அவள். "பெருசையே வாங்கிடுவோம். ஆனா ஒரு விஷயம். வாடகைக்கு வர்றவங்க ஜோடியா வருவாங்க, சீட் காலியாக் கிடக்கும். எடைக்கு யாராவது உட்கார்ந்தாதானே நல்லா இருக்கும்? நீங்கதான் தினம் கூடப் போகணும்."

"தினமுமா?"

"காலையிலயும் சாயங்காலமும்."

"சின்னதுல?"

"அதுல சொல்லித்தர்றவருக்கு ஒண்ணு, கத்துக்கறவருக்கு ஒண்ணு. உங்களுக்கு இடமே இல்லையே!"

"சின்னதுதான்!" என்று மைதானமே அதிரும்படி கத்தினார் மாஸ்டர். "சின்னதைத்தான் வாங்கறோம்! இதுல நீ குறுக்க பேசக் கூடாது, சொல்லிட்டேன்!"

அவள் பவ்யமாகத் தலையைக் குனிந்துகொண்டு விமானிப் பெண்ணிடம் சொன்னாள்:

"எங்க வீட்டுல எப்பவுமே அவரு முடிவுதாம்மா."