லிஃப்ட் யாருடைய உபயம்?

வெம்பிளி,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய யுவனேஸ்வரன் அத்தானுக்கு,

புனிதாவின் முழங்காலைத் தவிர நாங்கள் எல்லோரும் சுகம். உங்களுக்கும் நீலவேணி அக்காவுக்கும் முழங்கால் உட்பட எல்லாம் சுகமாயிருக்க ஹைகேற் முருகனை வேண்டுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களுக்குக் காது மந்தமென்று அக்கா ஸ்பீக்கரில் போடுவார். பிறகு உங்கள் சட்டன் ஊர் முழுவதும் கேட்கும். அக்கா பிரிக்காத கடிதம் கவுன்சில் கடிதம் ஒன்றுதான். ஆகவே ஜன்னல் வைத்த மண்ணிறக் கவரில் அனுப்புகிறேன். வரிக் கடிதமென்று நீங்களும் எறிந்துவிடாதீர்கள்.

எங்கள் முதியோர் சங்கம் மாடியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். முதியோர் சங்கத்தை மாடியில் வைத்தவர்கள் அப்போது இளைஞர்கள். இம்மாகுலேற் அக்காவுக்கு எண்பத்திரண்டு வயது, படி ஏற ஏலாது. இரண்டு வருடமாகக் கீழே கோட்டோடு கதிரையில் இருந்து, போனிலேயே முந்நூற்றிநாலு சீட்டாட்டம் விளையாடுகிறார். அவருடைய சீட்டை மேலே இன்னொருவர் பிடித்திருப்பார். அதை எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வருடமாக அவர் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. செயலாளர் என்ற முறையில் எனக்கு அது பொறுக்கவில்லை. மிரியத்திடம் போய் லிஃப்ட் கேட்டேன்.

மிரியம் என் பழைய முதலாளி, காலஞ்சென்ற பெர்லோவிச் ஐயாவின் மகள். அவருடைய தாத்தா லித்துவேனியாவிலிருந்து தப்பி வந்து, கழுத்தில் தட்டைக் கட்டித் தெருவில் பொத்தான் விற்ற யூதர். மகன் காலத்தில் அது பதினொரு துணிக்கடை. நான் அகதியாக வந்து வேலை கேட்டபோது ஐயா என் பெட்டிகளைப் பார்த்து, "என்னுடைய அப்பா ஒரு பெட்டியோடுதான் வந்தார். நீ ஏற்கனவே முன்னேறிவிட்டாய்" என்று கழுத்துப்பட்டிப் பிரிவில் நிறுத்தினார். இருபத்தொன்பது வருடம் நின்றேன். இப்போது கடைகள் இல்லை. கொடை மட்டும் இருக்கிறது. காலரின் உட்புறத்தில்கூடப் பெயர் தைத்த குடும்பம், கொடுத்ததில் மட்டும் பெயர் போடாது. ஒரு ஆஸ்பத்திரி வார்ட்டே அப்படி நிற்கிறது. மிரியம் லிஃப்டுக்கு உடனே சம்மதித்து ஒரே நிபந்தனை வைத்தார்: யார் தந்தது என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. கொடுத்தவனைத் தெரிந்தால் வாங்கியவன் தலை குனிவான் என்பது அவர் அப்பாவின் சட்டமாம். நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அங்கேதான் கணக்குப் பிழைத்தது, அத்தான். உபயம் எழுதாத ரியூப் லைற்றை எங்கள் ஆட்கள் கண்டிருக்கிறார்களா? பெயர் பெருத்து வெளிச்சம் குறைந்தாலும் எழுதாமல் விடமாட்டோம்.

"லிஃப்ட் ஆர் தந்தது, கமலநாதன்?"

"சொல்ல ஏலாது."

"ஏன், களவெடுத்த காசோ?"

பிறகு தேநீர் நேரத்தில் யாரோ எங்கள் தலைவரைப் பார்த்து, "நடராஜா அண்ணை, நீங்களோ?" என்றார்கள். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தேநீரைக் கலக்கிக்கொண்டு, "அதை விடுங்கோ. வேறை கதையைக் கதையுங்கோ" என்றார். அவ்வளவுதான். ஒரு கிழமைக்குள் அவர் வள்ளலாகிவிட்டார். இம்மாகுலேற் அக்கா அவருக்காக மெழுகுதிரி கொளுத்துறா. வாற ஞாயிறு திறப்புவிழா. பொன்னாடையாம், லிஃப்டுக்குள் 'உபயம்: நடராஜா' என்று பித்தளைப் பலகையாம். பலகைக்கு ஓடர் குடுத்தாச்சு.

வாக்கை மீறி மேடையில் உண்மையைச் சொல்லவா, வாயை மூடிக்கொண்டு கைதட்டவா? உங்களைக் கேட்கிறேன். ஏனென்றால் கொடுத்ததை வெளியில் சொல்லாத மனிதர் எங்கள் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். 1988இல் புனிதாவையும் எங்கள் இரண்டு பிள்ளைகளையும் விமான டிக்கெட் எடுத்து அழைப்பித்துவிட்டு, நான் பொங்கலுக்குப் பொங்கல் போனில் நன்றி சொல்லும்போதெல்லாம் பேச்சை மாற்றுகிறீர்கள். நீங்கள் ஞாயிறு வந்து, கொடை என்றால் என்னவென்று நடராஜாவுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் பிரஷர் குளிசையை மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் நன்றியுள்ள மைத்துனன்,
கமலநாதன்

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். மாலையில் மிரியம் வந்தார். அப்பாவின் மேசையை ஒழிக்கையில் என் பெயர் போட்ட கவர் ஒன்று இருந்ததாம். பிரிக்காமலே தந்துவிட்டுப் போனார். உள்ளே கழுத்துப்பட்டிகளோடு நான் நிற்கும் படம். அதன் பின்னால் ஒரு பற்றுச்சீட்டு: கொழும்பிலிருந்து லண்டனுக்கு மூன்று டிக்கெட், 1988, புனிதாவின் பெயரும் பிள்ளைகளின் பெயரும். கட்டியவர் பெர்லோவிச். ஓரத்தில் அவருடைய கையெழுத்தில், 'கமலுக்குச் சொல்ல வேண்டாம்.'

அன்று கொழும்பு ஏஜென்ட் புனிதாவிடம், "லண்டனில இருக்கிற உங்கட ஆக்கள் காசு கட்டியாச்சு" என்று மட்டும்தான் சொன்னான். லண்டனில் எனக்கு ஆட்களென்று இருந்தது நீங்கள்தான். போன் எடுத்து அழுதேன். நீங்கள் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: "அதை விடும் தம்பி. வேறை கதையைக் கதையும்."

இரண்டு மணித்தியாலம் கோபப்பட்டுப் பார்த்தேன். குசினிக்குள் சமைத்தபடி புனிதா பேரனோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தாள்; கோபம் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தால் ஐயாவின் முன்னால் தலை குனிந்தே நின்றிருப்பேன். தெரியாததால் அடுத்த வருடமே சம்பளம் கூட்டச் சொல்லிச் சண்டை பிடித்தேன். மனிதர் முறைத்துவிட்டுக் கூட்டினார்.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் தள்ளுபடி. பித்தளைப் பலகை இருக்கட்டும். இம்மாகுலேற் அக்கா மேலே வந்து தன் சீட்டைத் தானே பிடித்தால் போதும். நீலவேணி அக்காவுக்கு டிக்கெட் கதை தெரிய வேண்டாம். முப்பத்தேழு வருடமாக உங்களை நினைத்துப் பெருமைப்படுகிறார். ஞாயிறு கட்டாயம் வாருங்கள். நடராஜாவுக்குப் பொன்னாடை போர்த்த உங்களைவிடப் பொருத்தமான ஆள் லண்டனில் இல்லை.

பொங்கலுக்கு வழக்கம்போல் நன்றி சொல்லப் போன் எடுப்பேன். ஐயா இருக்கும் இடத்துக்கு லைன் இல்லை. அவருக்காக நீங்களே போனை எடுத்துக் கேளுங்கள்.