ஃபோல்டர் அண்ணாச்சியும் ஆற்றோரத்து ஹார்டுடிஸ்க்குகளும்

உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே நாளில் மண்டையைப் போட்டாலும், திருநெல்வேலிச் சீமையில் எந்தக் கல்யாணத்தில் எத்தனையாவது பந்தியில் அப்பளம் தீர்ந்துபோனது என்கிற தகவல் மட்டும் அழியாது என்று நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன். வண்ணார்பேட்டையில் என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துக் கடையில் ஃபோல்டர் அண்ணாச்சி உட்கார்ந்திருந்த தைரியம் அது.

கல்யாணப் போட்டோ எடுப்பது அவர் தொழில். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் தேதியும் மாப்பிள்ளை பெண் பெயரும் போட்டுப் படங்களைச் சேமிப்பார்கள். இவருக்குப் பெயரும் தேதியும் மண்டையில் நிற்காது. கல்யாணத்தில் என்ன கோளாறு நடந்ததோ அதுதான் ஃபோல்டருக்குப் பெயர். 'சம்பந்தி ரசத்துக்குக் கோவிச்சிட்டுப் போன கல்யாணம்', 'மாப்பிள்ளை செருப்ப நாய் தூக்கிட்டுப் போன கல்யாணம்', 'ஐயரு மண்டபம் மாறிப் போன கல்யாணம்' என்று ஆயிரத்துச் சொச்சம் ஃபோல்டர்கள்.

ஒருநாள் ஓர் அதிகாரி மனைவியோடு வந்து தன் கல்யாணப் படம் வேண்டும் என்றார். பெயரும் முகூர்த்தத் தேதியும் சொன்னார்.

"அதெல்லாம் கிடக்கட்டும் சார். அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலையே."

"ஒண்ணும் நடக்காம ஒரு கல்யாணமா? நல்லா யோசிங்க."

அதிகாரி முழித்தார். அந்த அம்மாதான் தலையைக் குனிந்துகொண்டு, "மாப்பிள்ளை அழைப்புல இவுக கார்லயே தூங்கிட்டாக" என்றாள்.

"அட, தூங்குமூஞ்சி மாப்பிள்ளை!" என்று அண்ணாச்சி விசைப்பலகையைத் தட்டினார். அரை நிமிடத்தில் படம் வந்துவிட்டது. அதிகாரியின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

என் கல்யாணத்துக்குப் படம் எடுத்ததும் அவர்தான். அன்றைக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் புகை மணமேடைக்கே வந்தது. என் தாய்மாமா, தனக்குப் போட்ட மாலை சிறிசு என்று விருட்டென்று பஸ் ஏறிவிட்டார். மூன்றாம் பந்தி சாம்பாரோடு முடிந்தது. ஃபோல்டருக்கு அண்ணாச்சி எதைத்தான் பெயராக வைப்பார் என்று என் கூட்டாளிகள் பந்தயமே கட்டினார்கள்.

"என் கல்யாணத்துக்கு என்ன பேரு வச்சிருக்கிய அண்ணாச்சி?"

"உமக்கு எதுக்குவே அது? பேசாம ஜெராக்ஸ் எடும்."

பன்னிரண்டு வருஷமாக இதே பதில். என்னை அவர் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிட்டதே கிடையாது. எப்போதும் 'வே'தான், கோபம் வந்தால் 'ஓய் ஜெராக்ஸு'.

அவர் கொடுக்கும் ஒவ்வொரு ஆல்பத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு வரி இருக்கும்: 'இந்தப் படங்கள் என் ஆயுசு வரைக்கும் என்னிடம் பத்திரம்.' விளையாட்டுக்குப் போட்ட வரி அல்ல. அதை நினைத்தே அவருக்குப் பாதி நாள் சாப்பாடு இறங்காது. ஹார்டுடிஸ்க் ஒன்று 'கிர்' என்றால் இவருக்கு நெஞ்சு 'கிர்' என்னும். அந்தப் பயத்தில்தான், படங்களை ஒழுங்காக அடுக்கித் தேடித்தரும் மென்பொருள் ஒன்றை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

அதை விற்க வந்தவள் ஜெசிந்தா. கூடங்குளத்துப் பெண், இன்ஜினியர். பத்துப் படத்தைப் போட்டு மாதிரி காட்டுகிறேன் என்றாள்.

"ஒரு சோத்தப் பதம் பாக்க இது என்ன பானையா தாயி? மொத்தத்தையும் போட்டுக் காட்டு."

"அப்ப டிஸ்க்கக் காப்பி பண்ணி வீட்டுக்குக் கொண்டு போகணும் அண்ணாச்சி. பத்து நாள் ஆவும்."

"கூடங்குளத்துக்கா? அணு உலைக்குப் பக்கத்துல வச்சா படத்துக்கு ஒண்ணும் ஆயிராதே?"

"நான் அங்கனதான் பொறந்து வளந்தேன். எனக்கு என்ன ஆயிட்டு?"

அண்ணாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வாய் கொஞ்சம் நீளமா இருக்கு" என்றார்.

பத்து நாள் கழித்து வந்தாள். முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வித்தையைக் காட்டினாள். திரையில் இரண்டு முகங்கள் வந்தன, 'இருவரும் ஒருவரா?' என்று கேள்வி வந்தது. அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இவங்க அண்ணன் தம்பி. வரப்புத் தகராறுல எட்டு வருஷமா கேஸு நடக்கு. ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னா யாரு மேல யாரு கேஸு போட்டான்? ஊரு நடப்பு தெரியாத மிஷினு எனக்கு வேண்டாம். எடுத்துட்டுப் போன காப்பிய அழிச்சிரு, ஆமா."

"சரி, அழிச்சிருதேன்" என்று பையைத் தோளில் மாட்டிய ஜெசிந்தா, வாசலில் நின்று ஒரு நல்ல வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனாள். "எத வாங்கினாலும் வாங்காட்டாலும் மூணு காப்பி வச்சுக்கோங்க அண்ணாச்சி. வேற வேற ஊர்ல வைங்க. இல்லன்னா இன்டர்நெட்டுல ஏத்திருங்க."

இன்டர்நெட் என்றால் படம் எங்கே இருக்கும் என்று அவர் என்னிடம் விசாரித்தார். வெளிநாட்டில் எங்கேயாவது இருக்கும் என்றேன்.

"அங்க நமக்கு யாருவே இருக்கா?"

"யாரும் இல்ல."

"சொந்தக்காரன் இல்லாத ஊர்ல நான் செருப்பக் கூட விட மாட்டேன். படத்த விடச் சொல்லுதீரு!"

ஆகவே ஒரு காப்பி கடையில், ஒன்று சீவலப்பேரியில் அக்கா வீட்டில், ஒன்று ஸ்ரீவைகுண்டத்தில் மச்சினன் வீட்டில். மூன்று ஊர், மூன்று காப்பி. நானும் மெச்சித் தலையாட்டினேன். இதில் இருந்த கோளாறு எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

அந்த மழைக்காலம் வந்தது. விடாமல் பெய்து, தாமிரபரணி ஆறு படியேறி வந்து கடைக்குள் உட்கார்ந்தது. என் ஜெராக்ஸ் மிஷின் முழுகிப்போனது. அண்ணாச்சி அசரவில்லை. "கடைக் காப்பி போனாப் போவுது, சீவலப்பேரியில அக்கா இருக்கா" என்றார். அக்கா போன் செய்து அழுதாள், பீரோவே மிதக்கிறதாம். "ஸ்ரீவைகுண்டத்துல மச்சினன் இருக்காம்லா" என்றார். மறுநாள் மச்சினனும் போன் செய்தான். தாமிரபரணி டவுன் பஸ் மாதிரி ஸ்டாப் ஸ்டாப்பாக நின்று மூன்று காப்பியையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

"மூணும் வேற வேற ஊருதானவே?" என்றார் என்னிடம், சின்னக் குரலில்.

"ஊரு வேற. ஆறு ஒண்ணுதான அண்ணாச்சி."

தண்ணீர் வடிந்ததும் சனங்கள் வர ஆரம்பித்தார்கள். ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாமல் ஊறிப்போன ஆல்பங்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "உங்ககிட்ட இருக்கும்லா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். என் வீட்டு ஆல்பமும் போய்விட்டது. என் மனைவியும் அந்த வரிசையில் நின்றாள். அண்ணாச்சி எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார். "இருக்கு. பொங்கல் கழிச்சு வாங்க."

"ஏன் அண்ணாச்சி பொய் சொல்லுதிய?" என்று கூட்டம் கலைந்ததும் கேட்டேன்.

"பின்ன என்னவே சொல்ல? கடைசிப் பக்கத்துல எழுதிக் குடுத்திருக்கேனே" என்றவர், சேறு படிந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. நான்தான் மெல்லப் பேச்சை எடுத்தேன்.

"கூடங்குளத்துப் பிள்ளைட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"அழிக்கச் சொன்னதே நாந்தானவே. விரட்டி விட்டுட்டு எந்த மூஞ்சிய வச்சுட்டுக் கேக்க?"

அரை மணி நேரம் முரண்டு பிடித்துவிட்டு அவரே எண்ணை அழுத்தினார். நாலு தடவை தொண்டையைச் செருமினார்.

"தாயி... அன்னைக்கு நான் சொன்னதச் செஞ்சிட்டியா?"

"எத அண்ணாச்சி?"

"அந்தக் காப்பிய அழிக்கச் சொன்னேம்லா."

"ஏசாதிய அண்ணாச்சி. அழிக்கல. அழிக்கத்தான் உக்காந்தேன். ஃபோல்டர் பேரப் படிச்சனா, சிரிப்பு தாங்கல, மனசு வரல. எங்கம்மைக்குத் தெனமும் சாயங்காலம் பத்துப் பேரு வாசிச்சுக் காட்டணும். இல்லன்னா கோவிச்சுக்கிடுதா."

"சொல்பேச்சு கேக்குதியா நீ? பெரியவங்க சொன்னா அழிக்காண்டாமா?" என்று அண்ணாச்சி கத்தினார். கத்திக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளே கூடங்குளம் போனோம். ஜெசிந்தாவின் அம்மா வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள். "ரசத்துக்குக் கோவிச்சிட்டுப் போனாகளே, அந்தச் சம்பந்தி, பொறவு வந்தாகளா?" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மீன் குழம்பு கொதிக்கும் வாசனையில் கதையை ஆரம்பித்துவிட்டார். அந்த மென்பொருளையே வாங்குவதாகவும் ஒத்துக்கொண்டார். ஒரு காப்பி இனி இந்த வீட்டில்தான் இருக்குமாம். "இப்பம் இங்கன நமக்கு ஆளு இருக்குல்லா" என்றார்.

உள்ளே புது டிஸ்க்கில் படங்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஃபோல்டர் பெயர்கள் வரிசையாகத் திரையில் ஓடின. அப்பளம், செருப்பு, ரசம், தூக்கம் என்று ஊரின் மானம் மொத்தமும் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷப் பந்தயம் ஞாபகம் வந்து, என்னுடையதைத் தேடினேன். கரண்ட் என்று தேடினேன், இல்லை. தாய்மாமா இல்லை. சாம்பாரும் இல்லை. கடைசியில் ஜெசிந்தாதான் என் முகத்தைக் காட்டித் தேடச் சொன்னாள். புகைக்கு நடுவே கண்ணைக் கசக்கிக்கொண்டு நான் நிற்கும் படம் வந்தது. மேலே ஃபோல்டர் பெயரைப் பார்த்தேன்.

'எந்தம்பி கல்யாணம். ஒரு குறையும் இல்ல.'