மாப்பிள்ளைக்கு, சர்வர் விஷயமாக

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் மாமியாரும் நலம். தங்கள் மனைவியும் நலமே. ஆனால் அதைத் தங்களிடம் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். ஆகவே போன வரியைப் படிக்காதது போல் விட்டுவிடவும். தாங்கள் நலமா என்று கேட்கவும் எனக்கு அனுமதி இல்லை. போன் பண்ணக் கூடாது, கடிதம் என்றால் பரவாயில்லை என்பது அவள் தீர்ப்பு.

விஷயம் இதுதான். நம் வீடு மாற்றும் கம்பெனிக்குத் தாங்கள் வைத்துக்கொடுத்த கம்யூனிகேஷன் சர்வர் இன்று காலை எழுந்திருக்கவில்லை. பெட்டியில் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, உள்ளே இருக்கும் சர்வீஸ் மட்டும் ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது. ஆபீஸ் போன், லாரிகளுக்குப் போகும் மெசேஜ், மெயில் எல்லாம் இனி ஒரே வழியில் போகும் என்று தாங்கள் சொன்ன அன்று நானும் கை தட்டினேன். எல்லாம் ஒரே வழியில் போனால் எல்லாம் ஒரேயடியாகப் படுத்துக்கொள்ளும் என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை. கணக்கு எழுதும் அம்மா அதை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் திரையில் ஒரே பதில்தான்: சர்வீஸ் தொடங்கியது, பிறகு நின்றுவிட்டது. ஹாரன் என்று நாங்கள் கூப்பிடும் பெரிய லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, "நம்ம லாரி மாதிரியே இருக்கே, தள்ளிவிட்டா கிளம்புமா சார்?" என்று கேட்டார். போகவேண்டிய முகவரி மெசேஜில் வராததால் நான் வாயால் சொல்லியனுப்பினேன். "நாலாவது மாடி, மறக்காதீங்க" என்று அவர் படியிறங்கும்வரை கத்தினேன்.

உடனே தங்களைக் கூப்பிடலாம் என்றேன். "அவரைக் கூப்பிட்டீங்கன்னா நான் இந்த வீட்டுலயும் இருக்கமாட்டேன். நானே பாத்துக்கறேன்" என்று மகள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சர்வர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். கணவன் மனைவி விவகாரத்தில் நான் தலையிடுகிறவன் அல்ல. இருந்தாலும், தலை வலிக்கிறது என்று சொன்ன மனைவியிடம், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?" என்று தாங்கள் கேட்டிருக்க வேண்டாம். தொழில் பழக்கம், எனக்குப் புரிகிறது. தங்கள் மாமியாரைக் கைபிடித்துப் படியிறக்கும்போது "பாத்து, கனமான சாமான்" என்று சொல்லிவிட்டு நானும் பட்டவன்தான்.

மகள் என்னென்னவோ பக்கங்களைத் திறந்து, முணுமுணுத்துக்கொண்டே படித்தாள். முணுமுணுப்பு முழுவதும் தங்களைப் பற்றியது என்பதால் எழுதவில்லை. கடைசியில், "அப்பா, இது தானா எந்திரிக்காது. டேட்டாபேஸ் சர்வீஸ் முன்னாடி எந்திரிச்சாத்தான் இது எந்திரிக்கும்" என்றாள். அது ஏன் எழவில்லை என்றேன். "அதுக்கு எழுத இடம் இல்ல. டிஸ்க் பூரா நெரம்பிப் போச்சு. வந்த கால் எல்லாத்தையும் பதிவு பண்ணி வெச்சிருக்கு, பழசு ஒன்னுகூட அழியல. எந்தப் புத்திசாலி இப்படி செஞ்சது?" அந்தப் புத்திசாலி யார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அழிப்பதற்கு முன் அந்தப் பதிவுகளை அங்கங்கே போட்டுக் கேட்டுப் பார்த்தாள். ஆபீஸே கூடிவிட்டது. "என் பீரோ எங்கய்யா?" என்று ஒருவர் அழுகிறார். "இதோ, உங்க தெருமுனையில திரும்பிக்கிட்டு இருக்கு" என்று நான் சத்தியம் செய்கிறேன். அடுத்த பதிவிலும் அதே தெருமுனை, வேறு பீரோ. என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்படியே பின்னால் போய்ப் போய், ஆகப் பழைய பதிவுக்கு வந்தாள். தங்கள் குரல், மாப்பிள்ளை! சர்வர் வைத்த அன்று சோதித்தது போலிருக்கிறது. "ஹலோ, ஒன்னு, ரெண்டு, மூணு. கேக்குதா மேடம்? சிரிக்காதீங்க, ரெக்கார்டு ஆகுது." மறுமுனையில் அன்று நம் ஆபீஸ் போன் எடுத்த பெண், அதாவது என் மகள், விடாமல் சிரிக்கிறாள். "எதுக்கு சிரிக்கிறீங்கன்னு சொன்னா நானும் சிரிப்பேன்ல" என்று தாங்கள் கெஞ்சுகிறீர்கள். அப்போது தங்களுக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. கணக்கு அம்மா திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்தார். மகளும் சிரித்துவிட்டாள், கோபித்துக்கொண்டு இங்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக. அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழித்தாள். டேட்டாபேஸை எழுப்பினாள், நம் சர்வீஸை எழுப்பினாள். திரையில் பச்சை! எல்லா மேசையிலும் போன் ஒரே நேரத்தில் அலறியது. கல்யாண வீடு தோற்றது போங்கள்.

என் மேசை போனில் ஹாரன். "சார், நீங்க சொன்ன ரெண்டாவது மாடியில பாதி ஏத்தியாச்சு. ஆனா வீட்டுக்காரர் இப்பத்தான் வந்தாரு, நாங்க எங்கயும் போகலையேங்கறாரு." நான் கத்தியனுப்பியது நாலாவது மாடி! "அவர் சம்சாரம் என்ன சொன்னாங்க?" "அந்தம்மாதான் சார் கட்டிக் குடுத்தாங்க! வீடு மாத்துங்கன்னு வருஷக்கணக்கா சொன்னதுக்கு இப்பவாவது காது கேட்டுச்சேன்னு ஒரே சந்தோஷம். இறக்கக் கூடாதுங்கறாங்க." முடிவில் இறக்கினோம். ஆனால் அந்த அம்மா முன்னால் நின்றதால், நல்ல வீடு பார்த்து நம் லாரியிலேயே மாறுவதாக அவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

ஆகவே சர்வர் ஜோராக ஓடுகிறது. தாங்கள் வர வேண்டிய அவசியமே இல்லை. யார் தயவும் இல்லாமல் அவளே சரிசெய்தாள் என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்கிறாள். இப்போதைக்குத் திரும்பி வருவதாக இல்லை என்றும் எழுதச் சொல்கிறாள்.

தங்கள் வாழ்வு கீறல் விழாமல், மூலை நசுங்காமல், சேர வேண்டிய இடத்தில் பத்திரமாகச் சேர வாழ்த்தும்,
தங்கள் மாமனார்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனேன், போன்கள் மறுபடி ஊமையாகிவிட்டன. கண்ணாடித் தடுப்பு வழியாக என் கண்ணாலேயே பார்த்தேன்: மகள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மவுஸை ஒரு தட்டுத் தட்டி, சர்வீஸைத் தானே நிறுத்தினாள். பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, "அப்பா, இது என்னால ஆகாது போல. அவரையே வரச் சொல்லி அதுலயே எழுதிடுங்க" என்றாள். எனவே மேலே எழுதியது எதையும் தாங்கள் படிக்கவில்லை. இதைக் கொண்டுவரும் ஹாரனோடு லாரியிலேயே ஏறி வந்துவிடவும். ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினால் போதும்; ஆனால் வந்தவுடன் அமுக்கித் தொலைத்துவிடாதீர்கள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்குமாவது திணறவும். வாடிக்கையாளர்களை நான் தெருமுனையில் வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன்.