உங்கள் தங்கையின் செடித் துண்டும் என் மகளின் நிச்சயமும்

அலெக்சாந்திரியா, முஹர்ரம் பே
சனிக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் லுத்ஃபி அவர்களுக்கு,

தங்கள் தங்கை தவ்ஹீதாவின் கணவன் ஹிலாலி சலாம் கூறி எழுதுவது. இறையருளால் தாங்கள் தந்தா நகரில் நலமாக இருப்பீர்கள். தங்கள் செடிகளும் நலமாகவே இருக்கும், அவற்றுக்கு என்ன கேடு. கேடெல்லாம் எனக்குத்தான்.

பெருநாளுக்கு வந்தவர் பலகாரம் கொண்டுவராமல் ஒரு மணி பிளான்ட் கொடியைக் கொண்டுவந்து, கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் போட்டால் வேர் விடும் என்று தவ்ஹீதாவிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்று கத்தரியை எடுத்தவள் இன்னும் கீழே வைக்கவில்லை. வீட்டில் தேநீர் குடிக்க ஒரு கண்ணாடிக் கோப்பை கிடையாது, எல்லாவற்றிலும் ஒரு தண்டு நின்று என்னை முறைக்கிறது. கடல் காற்று ஆகாதாம், பால்கனிக் கதவை அடைத்தாயிற்று. ஈரம் வேண்டுமாம், ஓட்டை இலைச் செடி ஒன்று குளியலறையில் குடியேறிவிட்டது, நான்தான் அதனிடம் அனுமதி கேட்டுக் குளிக்கிறேன். இத்தனையும் பொறுத்தேன். வியாழக்கிழமை நடந்ததைப் பொறுக்க மாட்டேன்.

அன்று மாலை நம் நிவீனைப் பெண் கேட்டு ரஊஃப் வீட்டார் வருவதாக இருந்தது. பையன் தங்கமானவன். அவனுக்குத் தந்தை இல்லை, பெரியப்பா ஹாஜ் பயூமிதான் எல்லாம். அவர் இரண்டு நிபந்தனை வைத்திருந்தார்: நிவீன் ஆஸ்பத்திரி லேப் வேலையை விட வேண்டும், தமன்ஹூரில் அவர்களுடைய கூட்டுக் குடும்பத்தில் போய் இருக்க வேண்டும். இரண்டுக்கும் முடியாது என்று நான் சொல்ல வேண்டும். காலையிலிருந்தே தாயும் மகளும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "நீங்க வெளியில சிங்கம்ங்க, விருந்தாளி முன்னாடி உக்காந்தா எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டுவீங்க" என்றாள் உங்கள் தங்கை. நீதிமன்ற வாசலில் நின்று வாதி பிரதிவாதி பெயரைத் தெருக்கோடிக்குக் கேட்கக் கூப்பிட்டவன் நான். என்னைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா, நீங்களே சொல்லுங்கள்.

கோபத்தோடு சமையலறைக்குப் போனேன். மூக்குக் கண்ணாடி கையில் இல்லை. தட்டில் விரல் நீளத்துக்கு வெட்டி வைத்த கரும்புத் துண்டுகள், இரண்டு முனையிலும் பட்டைத்தூள் வேறு. விருந்தாளிகளுக்கு ஏதோ புதுப் பலகாரம் செய்கிறாள் என்று நினைத்து ஒன்றை எடுத்து நன்றாக மென்றேன்.

மச்சான், அது கரும்பு இல்லை. புள்ளி இலைச் செடியின் தண்டு. அழுகாமல் இருக்கப் பட்டைத்தூள் தடவி, நடுவதற்கு முன் உலர வைத்திருந்தாளாம். வாய்க்குள் ஆயிரம் ஊசி. நாக்கு செருப்புப் போல வீங்கிவிட்டது. கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் ஓடி வந்து, வாயைக் கொப்பளிக்கச் செய்து, தொண்டையைப் பார்த்து, மூச்சுக்கு ஆபத்தில்லை, பனிக்கட்டி வையுங்கள், இன்று பேச்சு வராது, நாளைக்குப் பேசலாம் என்றார். தவ்ஹீதா அழுதாள். எனக்காக என்றுதான் நினைத்தேன். "கணு இருந்த துண்டாப் பாத்துத் தின்னுருக்கீங்களே" என்றாள்.

அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். சோபாவில் உட்கார்ந்தேன். ஹாஜ் பயூமி சலாம் சொன்னார், நான் நெஞ்சில் கை வைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை என்று ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்தேன். வலியில் கண்ணிலிருந்து நீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை. அவர் தொண்டையைச் செருமி, "அதுக்காகக் கட்டாயம்னு சொல்லல. படிச்ச பொண்ணு, போகட்டும்" என்றார். பிறகு தமன்ஹூர்ப் பேச்சை எடுத்தார். அந்த நேரம் பார்த்து வாயில் எச்சில் நிறைந்துவிட்டது, துப்புவதற்கு எழுந்து உள்ளே நடந்தேன். மனிதர் ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஹிலாலி பாய், உக்காருங்க. பசங்க இங்கயே வீடு பாத்துக்கட்டும். உங்க மனசு நோகக் கூடாது." அப்படியே ஃபாத்திஹா ஓதி நிச்சயம் முடிந்தது. ஓதும்போதும் நான் உதட்டைத்தான் அசைத்தேன்.

போகும்போது வாசலில், இவ்வளவு கம்பீரமான மனிதரை நான் பார்த்ததில்லை என்று அவர் தவ்ஹீதாவிடம் சொன்னாராம். அன்றிலிருந்து தாயும் மகளும் சிரிக்கிறார்கள். நிவீன் என் நெற்றியில் முத்தமிட்டு, "நல்ல வேளைப்பா, நீங்க எதுவும் பேசல" என்கிறாள். நான் பேசியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஒருவரும் நம்பவில்லை.

ஆகவே தாங்கள் வரும் வெள்ளிக்கிழமை ஒரு வண்டியோடு வந்து, இலை, தண்டு, கொடி, தொட்டி அத்தனையையும் அள்ளிக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் ஜன்னல் வழியே டிராம் பாதையில் வீசிவிடுவேன், இது என் முடிவான வார்த்தை. தங்கள் துணைவியாருக்கு என் சலாம். குழந்தைகள் நீண்ட ஆயுளோடும் நிறைந்த அறிவோடும் வளர அல்லாஹ் அருள் புரிவானாக.

இப்படிக்கு,
நாக்கு இன்னும் முழுதாகத் தேறாத
ஹிலாலி

பி.கு.: வெள்ளிக்கிழமை வர வேண்டாம். உறை ஒட்டப் பசை தேடியபோது, ஃபிரிட்ஜ் மேல் ஊறுகாய் பாட்டிலில் இருந்த தண்டில் வெள்ளை நூல் போல ஒரு வேர் வந்திருப்பதைக் கண்டேன். தவ்ஹீதா இன்னும் பார்க்கவில்லை, நான்தான் முதலில் பார்த்தேன். இதை இப்போதே மண்ணுக்கு மாற்றலாமா, இல்லை விரல் நீளம் வளரட்டுமா? அவளிடம் கேட்க எனக்கு மனமில்லை. உடனே பதில் போடவும்.