பேச்சித்தாயின் உபகாரச் சம்பளமும் ஊர்த் தண்ணீர்ச் சாவியும்

சங்கரன்கோவில்,
1984, ஆனி மாதக் கடைசி.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர், வாசுதேவநல்லூர் வெள்ளத்துரை அவர்கள் சமூகத்துக்கு, குழாய் மூக்காண்டி எழுதிக்கொண்டது. கோமதியம்மன் கிருபையில் இங்கே நானும் உங்கள் தங்கை முப்பிடாதியும் மகள் பேச்சித்தாயும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் தங்கள் மகன், என் மருமகன் செல்லச்சாமியும், டிராக்டரும், கிணறும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கிணற்றைத் தனியாக விசாரித்தது குத்தலுக்குத்தான். மறைக்கவில்லை.

போன சித்திரையில் உங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு வந்திருந்தபோது, பந்தி நடுவில், இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டே நீங்கள் சொன்னது உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. "ஏ மாப்ளே, குழா தொறக்கவன் வீட்டுப் பிள்ளைக்கு மதுரையில போயி என்னவே படிப்பு? பேசாம நம்ம செல்லச்சாமிக்குக் கெட்டி வையும். நம்ம கெணத்துத் தண்ணியக் குடிச்சிட்டு நிம்மதியா இருப்பா" என்றீர்கள். பந்தியே சிரித்தது. பரிமாறியவன்கூடச் சிரித்தான். நானும் சும்மா இருக்கவில்லை. "உங்க கெணத்துல ஒரு சொம்புத் தண்ணிக்கு நானோ என் வீட்டாளோ வந்து நின்னா என் பேரு மூக்காண்டி இல்ல" என்று சொல்லிவிட்டு, மோர் வாங்காமலே எழுந்து வந்தேன். மச்சான், அந்தக் குழாய் திறக்கிறவன் மகளுக்கு இப்போது உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டது. மதுரையில் பெண்கள் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கப் போகிறாள். இந்த வரியை அக்காவிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அதன் பிறகு நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து கேளுங்கள்.

எங்களைப் போல் குடிநீர் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்கென்று திருநெல்வேலியில் ஒரு அறக்கட்டளை இருக்கிறது. பம்பு ஓட்டுகிறவர், குழாய் பதிக்கிறவர், தொட்டி கழுவுகிறவர், என்னைப்போல் தெருத்தெருவாக வால்வு திறக்கிறவர், யார் வீட்டுப் பிள்ளையும் கேட்கலாம். தாலுகாவுக்கு ஒரு பிள்ளைக்குத்தான். நிபந்தனை ஒன்றே ஒன்று: தகப்பன் வேலையில் இருக்க வேண்டும். சஸ்பெண்டு, கிஸ்பெண்டு என்று ஏதாவது ஆனால் பிள்ளைக்கும் கிடையாது. இத்தனை வருஷ வேலையில் என்மேல் ஒரு புகார் உண்டா? அதனால் அந்த வரியை நான் இரண்டாம் தடவை வாசிக்கக்கூட இல்லை.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற நாள். விடிந்ததும் விடியாததுமாகப் போய் வால்வைத் திறந்தேன். வால்வு சாவி என்றால் உங்கள் பீரோ சாவி மாதிரி இடுப்பில் செருகுகிற சாமான் இல்லை. நெஞ்சு உயரத்துக்கு இரும்புக் கம்பி, தலையில் குறுக்கே ஒரு கைப்பிடி. அதைக் குழிக்குள் விட்டுத் திருகினால்தான் தெருவுக்குத் தண்ணீர். ஊருக்கே அது ஒன்றுதான், அது என் தோளில்தான். அது இல்லாமல் நடந்தால் எனக்கு ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கும். எங்கள் தெருவுக்கு விட்டதை மூடி, அடுத்த தெருவுக்குத் திறந்து, பிறகு சாவியை ஓவர்சியர் வீட்டில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுவதாகத்தான் ஏற்பாடு. அதற்குள் பேச்சித்தாய் தெருமுனையிலிருந்து, "எப்பா, பஸ்ஸு பொறப்படப் போகுது, ஓடியாங்க" என்று கத்தினாள். பிள்ளையின் படிப்பு மச்சான்! ஓடினேன். தோளில் இருந்ததும் என்னோடு ஓடிவந்தது.

பஸ்ஸில் கண்டக்டர் என்னை லேசில் ஏற விடவில்லை. "ஏ பெரியவரே, கடப்பாரைக்கெல்லாம் வண்டியில எடம் கெடையாது" என்றான்.

"கடப்பாரை இல்லவே, இது சாவி."

"சாவியா? அப்ப பூட்டு எங்க, பொறத்த லாரியில வருதோ?"

பஸ் முழுக்க ஒரே சிரிப்பு. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஊருக்குத் தண்ணி ஊத்துகிறவனை இப்படியா கேட்கிறது என்று நான் ஒன்று சொல்ல, அவன் ஒன்று சொல்ல, பனவடலிசத்திரம் தாண்டியும் சண்டை ஓயவில்லை. கடைசியில் அதற்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். இப்போதும் அது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

திருநெல்வேலியில் அறக்கட்டளை ஆபீசுக்குப் போனால் வாசலில் பியூன், "இரும்போட உள்ள போகப்படாது" என்கிறான். வெளியே வைத்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அந்தத் தகராறு கேட்டு உள்ளேயிருந்து அறக்கட்டளைத் தலைவரே எட்டிப் பார்த்தார். ரிட்டையரான இன்ஜினியர், வெள்ளை மீசை. "என்னய்யா அது?" என்றார். "ஐயா, எங்க ஊர்த் தண்ணி பூராவும் இதுலதான் இருக்கு" என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான். "அப்படின்னா அதுவும் வரட்டும்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே விட்டுவிட்டார். நான் சாவியை ஊன்றிக்கொண்டு கோயில் வாசல் துவாரபாலகர் மாதிரி கதவோரம் நின்றேன்.

தலைவரும் கூட இருந்த இரண்டு பேரும் பிள்ளையிடம் கணக்கு கேட்டார்கள், சொன்னாள். ஊர்த் தொட்டியைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னாள். அப்புறம் தலைவர், "உங்க ஊர்க் குடிநீர்த் திட்டத்துல பெரிய குறைன்னு எதம்மா சொல்லுவ?" என்றார். பேச்சித்தாய் ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கப்பாதான் ஐயா" என்றாள்.

அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறாள்: "ஊருக்கே ஒரே சாவி. அது எங்கப்பா தோள்ல. எங்கப்பாவுக்கு ஒரு காச்சல் வந்தா ஊருக்கே தண்ணி கெடையாது. இப்பப் பாருங்க, எங்கப்பா இங்கன நிக்காக, சாவியும் இங்கன நிக்கு. அங்கன எங்க தெருவுல தொறந்தது தொறந்தபடி ஓடிக்கிட்டு இருக்கும். மத்த தெருவுக்கு ஒரு சொட்டு இருக்காது. இன்னொரு சாவி செஞ்சு இன்னொரு ஆளுக்குப் பழக்கிவிட்டா இந்தக் குறை தீந்துரும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாவியைப் பார்த்தேன். ஐயையோ, வால்வை மூடவில்லையே! அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைவர் சிரித்த சிரிப்பில் மேஜையே ஆடிற்று. "இந்தப் பிள்ளையப் படிக்க வச்சே ஆகணும்யா" என்றார். மச்சான், பெற்ற பிள்ளை பெரிய மனிதர்களுக்கு முன்னால் என்னைக் குறை என்று சொன்னதற்கு அழவா, அவள் சொன்ன அழகுக்குச் சிரிக்கவா? இரண்டையும் சேர்த்தே செய்தேன். வெளியே வந்து, "ஏட்டி, பஸ்லயே சொல்லப்படாதா?" என்றால், "நீங்க எங்க பேச விட்டீக? பாதி வழி கண்டக்டரோட சண்டை, மீதி வழி தூக்கம்" என்கிறாள்.

திரும்பி வந்தால் எங்கள் தெருவில் ஆடித்தபசுத் திருவிழா மாதிரிக் கூட்டம். தண்ணீர் காலையிலிருந்து அங்கே மட்டும்தான் வருகிறதென்று ஊரே குடத்தோடு வந்துவிட்டது. பித்தளைக் குடம், பிளாஸ்டிக் குடம், அண்டா, சைக்கிளில் கட்டின டின்கள். உங்கள் தங்கை நடுவில் நின்று, "வரிசையில வாங்க, வரிசையில வாங்க" என்று அதிகாரம் செய்துகொண்டிருக்கிறாள். எங்கள் தெருக்காரர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். மற்ற தெருக்காரர்கள் பார்த்த பார்வையை எழுத முடியாது. பின்தெரு ஷம்சாத் பேகம் வெறுங்குடத்தை என் காலடியில் வைத்து, "அண்ணாச்சி, தண்ணிக்குப் பதிலா உங்க சாவியப் போட்டு ஒலை வைக்கவா?" என்று கேட்டது. நியாயமான கேள்விதான்.

ஓவர்சியர் சங்கரநாராயணன் என் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். "ஓய் மூக்காண்டி, நாளைக்கே உமக்கு சஸ்பெண்டு" என்றார். எனக்கு என் வேலையைப் பற்றிய நினைப்பே வரவில்லை. அந்த நிபந்தனைதான் கண்முன் வந்து நின்றது. பிள்ளை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. உங்கள் செல்லச்சாமி நினைப்புகூட ஒரு நிமிஷம் எனக்கு வந்தது. உண்மையைத்தான் எழுதுகிறேன்.

ஆனால் ஓவர்சியர் உத்தரவு எழுதுவதற்குள், அந்த வெள்ளை மீசைத் தலைவர் எங்கள் ஆபீசுக்கு நேராகப் போன் போட்டுவிட்டார். "ஒரு ஊருக்கு ஒரே சாவிதானாமே, நெசந்தானா?" என்று கேட்டாராம். என்னை சஸ்பெண்டு செய்தால், மாற்றுச் சாவி ஏன் இத்தனை வருஷமாகச் செய்யவில்லை என்று ஓவர்சியர் பதில் சொல்ல வேண்டும். மனிதருக்கு வியர்த்துவிட்டது. மறுநாளே கொல்லுப்பட்டறையில் இரண்டாவது சாவி தயார். "ஓய், நடந்தத நானும் மறந்துட்டேன், நீரும் மறந்துரும்" என்று தோளில் தட்டிக் கொடுத்தார். பேச்சித்தாய்க்குத்தான் உபகாரச் சம்பளம் என்று போன வாரம் தகவல் வந்தது. தெரு முழுக்கச் சீனி மிட்டாய் கொடுத்தேன். ஷம்சாத் பேகம் வீட்டுக்கு இரண்டு பங்கு.

விடிந்தால் பிள்ளையை மதுரை ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். இனி ஊருக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு சாவி முப்பிடாதி பொறுப்பில் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கும். ஓவர்சியர் அனுப்புகிற ஆள் அதை வாங்கித் தெருத்தெருவாகத் திறந்துவிடுவான். இன்னொன்று என் தோளில். ஹாஸ்டல்காரர்கள் பிள்ளையின் தகப்பன் யாரென்று தெரிந்துகொள்ள வேண்டாமா? போன தடவை மாதிரி திறந்து போட்டுவிட்டுப் போகாமல், ஊரிலுள்ள அத்தனை வால்வையும் கெட்டியாக மூடிவிட்டே பஸ் ஏறுவேன். ஆகையால் மச்சான், குழாய்க்காரன் வீட்டுக்கு உங்கள் கிணற்று உபகாரம் என்றைக்கும் தேவைப்படாது என்பதை மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். மருமகன் செல்லச்சாமிக்கு ஆசீர்வாதம், நல்ல இடத்தில் பெண் அமையட்டும். உங்கள் வயலும் வரப்பும் குளிர்ந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
மூக்காண்டி.

பின்குறிப்பு: இதை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்று எழுதுகிறேன். தபால் பெட்டியில் போட வைத்திருந்த கடிதத்தைத் திரும்பப் பிரித்துவிட்டேன். பிள்ளையின் பாய்ச்சுருட்டு கனக்கிறதே என்று இப்போதுதான் அவிழ்த்துப் பார்த்தோம். உள்ளே இரண்டாவது சாவி! விடியற்காலை நான் ஒரு சாவியோடு வால்வு மூடப் போயிருந்தபோது, கதவுக்குப் பின்னால் இன்னொன்று நிற்பதைப் பார்த்து, நான் என்னுடையதை மறந்துவிட்டேன் என்று உங்கள் தங்கை பத்திரமாகச் சுருட்டிக் கட்டியிருக்கிறாள். இரண்டும் இப்போது என் கையில். ஊரில் அத்தனை வால்வும் மூடிக் கிடக்கிறது, எங்கள் தெரு உட்பட. எங்கள் ஊருக்கு இப்போதைக்குப் பஸ் இல்லை, வாசுதேவநல்லூர் வழி போகிற பஸ்தான் பக்கத்தில் நிற்கிறது. ஒரு சாவியை அந்தக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பலாம் என்றால், "காயிதம்னா கொண்டுபோறேன், கடப்பாரை ஆகாது" என்கிறான். இன்றைக்குச் சேராவிட்டால் பிள்ளைக்கு ஹாஸ்டலில் இடம் போய்விடும். நான் திரும்ப முடியாது. பேச்சித்தாய் சிரித்துக்கொண்டே, "நான் படிச்சிட்டு வந்து மூணாவது சாவி செய்யச் சொல்லுதேன்" என்கிறாள். ஆகையால் மச்சான், இந்தக் காகிதம் கண்டவுடனே, டிராக்டரில் டிரம்மை ஏற்றி, உங்கள் கிணற்றிலிருந்து தண்ணீர் நிரப்பி, உங்கள் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்குங்கள். பின்தெருவில் ஷம்சாத் பேகம் வீட்டுக்கும் நாலு குடம் ஊற்றுங்கள். சொன்ன சொல் சொல்தான், ஆகையால் கீழே பெயர் போடவில்லை.

இப்படிக்கு,
பேச்சித்தாயின் அப்பா.