ரசமட்டத்துக் குமிழி

வெல்டர் ரசமட்டத்தைக் காரின் பானெட் மேல் குறுக்காக வைத்தார். நடுவில் நிற்க வேண்டிய குமிழி வலது பக்கம் ஒதுங்கியது.

"ஐயோ, இடது பக்கம் இறங்கியிருக்கே!"

பழைய காருக்குள் லாரி இன்ஜினைத் திணித்துத் தரும்படி கேட்டவர் ஒரு லாரி முதலாளி. புத்தியில்லாமல் தலையாட்டியவர் வெல்டர். தகுதிச் சோதனையில் இரண்டு முறை தோற்ற வண்டி அது. நாளைக் காலையும் தோற்றால் பட்டறையை மூடிவிட்டு மச்சானின் சோப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். சோப்பு வாசனை பட்டாலே அவருக்குத் தும்மல் வரும்.

காருக்கடியில் புகுந்து பார்த்தார். முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் இடது மவுண்டில் நீளமாக ஒரு விரிசல். அப்பாடா, வியாதி தெரிந்துவிட்டது! கனமான இரும்பு வைத்துப் பற்றவைத்தால் போதும்.

வீடு சரிவில் இருந்தது. மேலே சாலை மட்டத்தில் பட்டறை, நேர் கீழே குடும்பம். கீழே பின்னறையில் மாமனார் இரும்புச் சட்டங்களை நிறுத்தி வைத்திருந்தார். கிழிந்த குடையைக்கூடத் தூக்கிப்போடாத மனிதர். அவர் வெளியூர் போயிருந்தது வசதியாயிற்று. இறுகிப் போயிருந்த ஒரு சட்டத்தை வெல்டர் சம்மட்டியால் தட்டிக் கழற்றி, மேலே கொண்டுவந்து, வெட்டி மவுண்டில் பற்றவைத்தார்.

குமிழி இன்னும் தள்ளிப் போயிருந்தது.

"என்னங்க, பின்னறைக் கதவு மூட மாட்டேங்குது!" என்று கீழேயிருந்து மனைவி கத்தினாள்.

"நான் இங்க உயிரை விட்டுட்டிருக்கேன், உனக்குக் கதவா முக்கியம்?"

ஒரு சட்டம் போதவில்லை போலும். இன்னும் இரண்டைக் கழற்றினார். இடது மவுண்டைப் பெட்டி போலச் சுற்றி அடைத்தார். குமிழி கிட்டத்தட்ட ஓரத்தைத் தொட்டது. வெல்டருக்கு வியர்த்துக் கொட்டியது.

"இப்ப அலமாரி தானாத் திறந்துக்குதுங்க!"

"மூடித் தொலையேன்டி!"

கையிலிருந்து நழுவிய நட்டு ஒன்று தரையில் உருண்டு காரின் இடது சக்கரத்தடியில் போய் ஒளிந்தது. அதுவும் தன்னைக் கேலி செய்வதாகவே அவருக்குப் பட்டது. ஆத்திரத்தில் மிச்சமிருந்த சட்டங்களையும் கழற்றி இரண்டு மவுண்டுகளிலும் ஏற்றினார். குமிழி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. இருபது வருஷத் தொழில்! வெல்டர் டயர் மேல் உட்கார்ந்து தேம்பினார். இப்போதே ஒரு தும்மல் வந்தது.

காலையில் லாரி முதலாளியும் சோதனை அதிகாரியும் வந்தார்கள்.

"வெளிச்சத்துக்குக் கொண்டாங்க" என்றார் அதிகாரி.

தூக்குமேடைக்குப் போகிறவரைப் போல வெல்டர் காரைச் சாலையில் நிறுத்தினார். அதிகாரி ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

வெல்டர் வாயைப் பிளந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். நட்டநடுவேதான்!

அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார். "மவுண்டாய்யா இது? யானையே ஏறி நிக்கலாம். பாஸ்!"

லாரி முதலாளி வெல்டரைக் கட்டிக்கொண்டார். வெல்டர் அழுதார், சிரித்தார். பட்டறை பிழைத்தது!

அப்போதுதான் ஊரிலிருந்து திரும்பிய மாமனார் பையோடு கீழே இறங்கிப் போனார். அடுத்த நொடி அவர் அலறல் கேட்டது.

"மாப்ள! பட்டறைத் தரை இறங்குதேன்னு முட்டுக் கொடுத்திருந்தேனே, அந்த இரும்பெல்லாம் எங்க?"