ரோமாபுரி அடித்த கண்ணீர் அஞ்சலி

செத்தவர்களுக்காகப் பரிந்து பேசப் போய், இருப்பவர்களிடம் இத்தனை வசவு வாங்கிய மனிதர் காரைக்குடியில் ரோமாபுரியைத் தவிர வேறு யாருமே கிடையாது. ஃப்ளெக்ஸ் பேனர் கடைக்காரர். கல்யாண பேனரை அரைத் தூக்கத்தில் முடித்துவிடுவார். கண்ணீர் அஞ்சலி என்றால்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

சிவகங்கையைத் தாண்டாத மனிதருக்கு அந்தப் பெயர் வந்தது செல்போனால். புது டிசைன் தேடியவர், ரோமானியக் குடும்பங்கள் கல்லறையில் வெட்டிவைத்த எழுத்துகளில் போய் விழுந்தார். போனிலேயே தமிழாக்கிப் படித்தார். அன்றோடு கெட்டார். என்னைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவார்.

"அண்ணே, ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே யாரு செத்தது, யாரு கல்லு வச்சதுன்னு நம்மள மாதிரி பேரு போட்டிருக்காக. ஒரு பிள்ளை மூணு வருசம், நாலு மாசம், பதினோரு நாள் இருந்துச்சாம். நாளைக்கூட விடல பாருங்க!"

சில கற்கள் நடந்து போகிறவனையே கூப்பிட்டு நிறுத்துமாம். உடனே நெற்குப்பை ஊர்க்காரர் ஒருவரின் அஞ்சலி பேனரில், "வழிப்போக்கரே, நின்று படித்துவிட்டுப் போங்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டார். டவுன் பஸ் நின்றுவிட்டது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். டிரைவர் அசையவில்லை. "நிக்கச் சொல்லிருக்குல்ல? படிச்சுட்டுத்தேன் எடுப்பேன்" என்றாராம்.

ஒக்கூர்த் தச்சர் ஒருவர் இறந்தபோது, "மனைவியோடு ஒரு சண்டையுமின்றி வாழ்ந்தவர்" என்று போட்டார். ரோமானியத் தம்பதிகளின் கல்லில் அடிக்கடி வருகிற வாசகமாம். தச்சரின் மனைவி போனில் பிடித்துக்கொண்டார்.

"யாருய்யா ஒங்களுக்குச் சொன்னது? தெனம் சண்டைதேன். ஊரே சிரிக்குது, மாத்துங்க!"

"தினம் சண்டையிட்டும் ஒருநாள்கூடப் பிரியாதவர்" என்று மாற்றினார். அந்த அம்மாள் அழுதுகொண்டே, "இது சரி" என்றாராம்.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான் நான், என் அப்பா போகிற வரைக்கும். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று பட்டியலோடு போனேன். மனிதர் படித்துவிட்டுத் தாளின் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அப்பா படுக்கையில கெடந்தப்ப யாருண்ணே குளிப்பாட்டுனது?"

"பேச்சியம்மா. வீட்டு வேலைக்கு வருதே, அது."

"அவுக பேரு எங்க?"

"குடும்பத்தார் பேருதானப்பா போடுறது."

"ரோமாபுரியில பால் குடுத்து வளத்த தாதிக்கும் கல்லு வச்சிருக்காக. விடுதலை பண்ணின அடிமைக்கும் குடும்பக் கல்லறையில எடம் குடுத்திருக்காக. அடிமை வச்சிருந்தவனுக்கே தோணிருக்கு. ஒங்களுக்குத் தோணலியாண்ணே?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன். "வேலைக்காரி பேரா? சொந்தக்காரன் காறித் துப்புவான்!" என்று கத்தினான். அது வெளியிலும் கேட்டிருக்க வேண்டும். ரோமாபுரி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்.

"அப்ப வேற கடை பாருங்கண்ணே."

எழுந்தேன். வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. அப்பா கடைசியாகக் கூப்பிட்டது என்னையல்ல, அண்ணனையல்ல. "பேச்சி, தண்ணி" என்றுதான் கேட்டார்.

"போடுய்யா" என்றேன்.

பேனர் தெருமுனையில் ஏறியது. சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள்தான். பேச்சியம்மா எழுத்துக்கூட்டிப் படித்தார். "என்னையும் சேத்துட்டீகளா தம்பி" என்றவர், அதுவரை அடுப்படியில் அடக்கிவைத்திருந்த அழுகையை நடுத்தெருவில் நின்று அழுதார். அண்ணன்தான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

ரோமாபுரிக்குக் குடும்பம் இல்லை. போன வாரம் தன் பேனரையே தயாராக்கி வைத்திருப்பதைக் காட்டினார். வருந்துவோர் பட்டியலில் ஒக்கூர் அம்மாள் இருந்தார், பஸ் டிரைவர் இருந்தார், பேச்சியம்மாகூட இருந்தார். என் பெயரைக் காணோம். முகம் சுண்டிவிட்டது.

"நீங்க கீழ இருக்கீகண்ணே" என்று விரலை வைத்துக் காட்டினார். தனி வரியில், 'இவண்: அண்ணன்' என்று போட்டு, பக்கத்தில் என் பெயர். "யாரு பேரும் விட்டுப்போகாமப் பாத்துக்கிற ஒரு ஆளு வேணும்ல?"

பார்த்துக்கொள்கிறேன் என்று தலையாட்டினேன். ஆனால் அந்த பேனர் அச்சுக்கே போகாமல் அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கட்டும், சாமி.